வீட்டுக்குள் ஒரு கிராணி



கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், விடுமுறைக்கு மலை ஏறி வரும்போது பலகாரப் பொட்டலத்தோடு இப்போது இன்னொரு பெட்டியும் கொண்டு வருகிறார்கள். அதற்குள் ஒரு கேமரா இருக்கிறது. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால், முப்பது நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தாயார், தன் வீட்டுக் கூடத்தில் இரவும் பகலும் தன்னையே உற்றுப் பார்க்கும் கண்ணின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டால், அவரைக் குறை கூற முடியுமா?

கேமரா இல்லாமல் பெற்றோரின் நலத்தை அறிந்துகொள்ள வழி உண்டா என்று பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பதுண்டு. வழி உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கணினியும், விலையின்றிக் கிடைக்கும் ஒரு மென்பொருளும், இரண்டு மூன்று சிறு கருவிகளும் இருந்தால் போதும். இந்த முறை அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

கிராணியின் வேலை என்ன?

தோட்டத்து ஆபீஸ் கிராணியை நாம் அனைவரும் அறிவோம். அவர் மலைக்குப் போய்க் கொழுந்து பறிப்பதில்லை. பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை கிலோ நிறுத்தார்கள் என்று பல இடங்களிலிருந்து வரும் செய்திகளை வாங்கி ஏட்டில் எழுதுவார். எழுதியதைப் பார்த்து, செய்ய வேண்டியதை உரியவருக்குச் சொல்லி அனுப்புவார்.

நாம் அமைக்கப்போகும் சிறு கணினி செய்வதும் இதே வேலைதான். கதவில் ஒட்டிய ஒரு கருவி, "கதவு திறந்தது" என்று சொல்லும். நடைபாதையில் வைத்த இன்னொன்று, "யாரோ நடக்கிறார்கள்" என்று சொல்லும். இவற்றை உணர்கருவிகள் என்பர். கடையில் சென்சார் என்று கேட்டால் கொடுப்பார்கள். கணினி இச்செய்திகளை எழுதி வைத்து, நாம் முன்கூட்டியே சொல்லி வைத்தபடி விளக்கை ஏற்றும், மணி அடிக்கும், கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். வீட்டுக்குள் சம்பளம் வாங்காத ஒரு கிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆசை புதியதல்ல. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஜிம் சதர்லாந்து என்பவர் 1966-ஆம் ஆண்டு வாக்கிலேயே தம் வீட்டுக்கென ஒரு கணினியைக் கட்டினார். அதற்கு 'எக்கோ 4' என்று பெயர். வீட்டுக் கடிகாரங்களும் வரவு செலவுக் கணக்கும் அதன் பொறுப்பு. ஏறக்குறைய 360 கிலோ எடையுள்ள அதை நம் லயத்து வீட்டில் வைத்தால் நமக்கு இடம் இருக்காது.

இன்று அந்த வேலையைச் செய்யக்கூடிய பலகையின் பெயர் ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், எபன் அப்டன் என்பவரும் நண்பர்களும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். முதல் பலகை 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் பயமின்றிக் கையாண்டு கணினி நிரல் எழுதிப் பழக மலிவான ஒரு கணினி வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். வங்கி அட்டை அளவுள்ள ஒரே பலகையில் முழுக் கணினியும் அடங்கிவிடுகிறது. 2019-இல் நான்காம் வகையும், 2023-இல் ஐந்தாம் வகையும் வெளிவந்தன.

கிராணி எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

"ஆசிரியரே, கடையிலேயே கைத்தொலைபேசியில் இயங்கும் விளக்கும் பிளக்கும் விற்கிறார்களே. வாங்கிச் செருகினால் வேலை முடிந்ததே. தனிக் கணினி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அத்தகைய பொருள்கள் பலவற்றின் கிராணி உங்கள் வீட்டில் இல்லை. அவர் வெளிநாட்டில் ஏதோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தானா ராத்தாவில் நீங்கள் கைத்தொலைபேசியைத் தொட்டால், அந்தக் கட்டளை கடல் கடந்து போய், அங்கே அனுமதி பெற்று, திரும்பி வந்து உங்கள் விளக்கை ஏற்றுகிறது. இணையம் அறுந்தால் கட்டளையும் அறுந்தது. அந்த நிறுவனம் கடையை மூடினால் என்ன ஆகும்?

நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏறக்குறைய 300 டாலருக்கு விற்றது. 2014-இல் அந்த நிறுவனத்தை நெஸ்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் ரிவால்வின் சேவை நிறுத்தப்பட்டது. பெட்டி பழுதாகவில்லை. ஆயினும் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் அது வெறும் பெட்டியாகிப் போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற இன்னொரு நிறுவனத்தின் கணினிகள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. சில வாரம் கழித்து வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கி உயிர்கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில், கட்டளையைத் தங்கள் வீட்டிலிருந்தே கொடுக்கும் ஏற்பாட்டுக்கு மாறிக்கொண்டவர்கள் அதே பழைய கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள்.

ஆகவே, வீட்டு விளக்கை ஏற்றும் அதிகாரம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது. அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார், இரவில் எத்தனை முறை குளியலறைக்குப் போனார் என்ற விவரமும் அப்படித்தான். அது குடும்பத்தின் சொந்த விஷயம். அது எழுதப்படும் ஏடு நம் வீட்டிலேயே இருப்பதுதான் முறை.

இதற்கு உதவும் மென்பொருள் ஹோம் அசிஸ்டென்ட். நெதர்லாந்தைச் சேர்ந்த பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-இல் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். 2024 முதல் இதைப் பாதுகாக்கும் பொறுப்பை ஓப்பன் ஹோம் அறநிறுவனம் ஏற்றுள்ளது. நீங்கள் மாற்றாதவரை, இது ஏறக்குறைய 10 நாள் விவரங்களை மட்டும் விரிவாக வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும்.

வேண்டிய சாமான்கள்

ராஸ்பெர்ரி பை நான்காம் அல்லது ஐந்தாம் வகைப் பலகை ஒன்று. நினைவகம் 2 ஜிபி-க்குக் குறையக் கூடாது. அதற்கென்றே விற்கும் மின்னூட்டி. பழைய கைத்தொலைபேசியின் சார்ஜரைச் செருகிச் சிக்கனம் பிடித்தால், மின்சாரம் போதாமல் கணினி அடிக்கடி தடுமாறும். 32 ஜிபி மைக்ரோ எஸ்டி அட்டை, பெயர் பெற்ற தயாரிப்பாக ஒன்று. பலகையை வைக்க ஒரு கூடு. வைஃபை பெட்டியோடு இணைக்க ஒரு நெட்வொர்க் கம்பி. ஜிக்பீ எனப்படும் வானொலி முறைக்கான யுஎஸ்பி குச்சி ஒன்று. அதற்கு ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி. கதவு உணர்கருவி ஒன்று, நடமாட்ட உணர்கருவி ஒன்று, அழுத்தும் பொத்தான் ஒன்று, சிறு மணி ஒலிப்பான் ஒன்று, ஜிக்பீ பிளக் ஒன்று. அனைத்தும் ஜிக்பீ வகையாக இருக்கட்டும்.

மின்கட்டணத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். பலகை சராசரி 5 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக 30 நாள் ஓடினாலும் 3.6 யூனிட்தான். 2,000 வாட் மின்கெண்டி மாதம் முழுவதும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடும் மின்சாரம் அது.

வீட்டில் பழைய மேசைக் கணினி சும்மா கிடந்தால் அதிலும் ஹோம் அசிஸ்டென்டைப் போட்டுப் பழகலாம். பிடித்த பிறகு பலகையை வாங்கிக்கொள்ளலாம்.

அமைக்கும் முறை

முதலாவது, ஏதேனும் ஒரு கணினியில் 'ராஸ்பெர்ரி பை இமேஜர்' என்ற இலவச நிரலை நிறுவுங்கள். அட்டையைச் செருகி, உங்கள் பலகையின் வகையைத் தேர்ந்து, வீட்டுத் தானியங்கிக்கான பட்டியலில் ஹோம் அசிஸ்டென்டைத் தேர்ந்து எழுதச் சொல்லுங்கள். அட்டையில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். ஆகையால் திருமணப் படங்கள் உள்ள அட்டையை எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, அட்டையைப் பலகையில் செருகி, நெட்வொர்க் கம்பியை வைஃபை பெட்டியில் மாட்டி, கடைசியாக மின்சாரம் கொடுங்கள். முதல் முறை தனக்கு வேண்டியவற்றை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். நடுவில் மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள்.

மூன்றாவது, அதே வைஃபையில் உள்ள கைத்தொலைபேசியின் உலாவியில் முகவரியைத் தட்டுங்கள்: ஹோம்அசிஸ்டென்ட், ஒரு புள்ளி, லோக்கல், ஒரு முக்காற்புள்ளி, 8123. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். கணக்குத் தொடங்கும்படி கேட்கும். கடவுச்சொல்லைப் பிறந்த தேதியாக வைக்காதீர்கள். இடத்தையும் நேரத்தையும் சரியாகக் குறியுங்கள்.

நான்காவது, ஜிக்பீ குச்சியை நீட்டிப்புக் கம்பியின் முனையில் மாட்டிப் பலகையிலிருந்து தள்ளி வையுங்கள். பலகையிலுள்ள வேகமான யுஎஸ்பி துளைகளின் இரைச்சல் ஜிக்பீயின் காதை அடைத்துவிடும். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வையுங்கள். "சமையலறைக் கதவு", "அம்மா பொத்தான்" என்று எழுதினால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

ஐந்தாவது, காப்புப் பிரதி. கணினி தானாகவே காப்புப் பிரதி எடுக்கும்படி அமைத்து, அதை வேறொரு கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கும் சாவிச் சொல்லைத் தாளில் எழுதிப் பிறப்புப் பத்திரத்தோடு வையுங்கள். அட்டை கெட்டுப் போகும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். காப்புப் பிரதி இருந்தால் புது அட்டையில் அரை நாளில் எழுந்துவிடலாம்.

காலைப் பெரட்டு

இனி கிராணிக்குக் கட்டளை எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் மூன்று கேள்விகளுக்கு விடை: எப்போது? எந்த நிலையில்? என்ன செய்ய வேண்டும்? இதை மனத்தில் வைத்துக்கொண்டால் திரையில் தட்டித் தேர்ந்தே எழுதிவிடலாம்.

சுலபமானதிலிருந்து தொடங்குவோம். எப்போது? நடைபாதையில் நடமாட்டம் தெரியும்போது. எந்த நிலையில்? பொழுது சாய்ந்து விடியும்வரை. என்ன செய்ய வேண்டும்? பிளக்கில் மாட்டிய சிறு விளக்கை ஏற்றி, நடமாட்டம் நின்று ஐந்து நிமிடம் கழித்து அணைக்க வேண்டும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் நடுநிசிக் குளிரில், சுவரைத் தடவிக்கொண்டு பின்கட்டுக் குளியலறைக்குப் போகும் முதியவருக்கு இந்த ஒரு விளக்கே பெரிய துணை. மற்றவை எதுவும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன்.

அடுத்து, பிள்ளைகள் கேட்கும் காலைச் செய்தி. இங்கேதான் பலர் தவறான வழியில் போகிறார்கள். "அம்மா எழவில்லை என்றால் எனக்குச் செய்தி வரட்டும்" என்று அமைக்கிறார்கள். அன்று மின்சாரம் இல்லை, அல்லது இணையம் இல்லை, அல்லது கணினியே நின்றுவிட்டது என்றால் என்ன ஆகும்? செய்தி வராது. மகள் கோலாலம்பூரில், "செய்தி ஒன்றும் வரவில்லை, அம்மா நலம்" என்று நிம்மதியாக வேலைக்குப் போய்விடுவார். இப்படிப்பட்ட ஏமாற்றும் அமைதியைக் காட்டிலும் ஒன்றுமே இல்லாதிருப்பது நல்லது.

ஆகவே, இதைத் திருப்பி அமையுங்கள். பெரட்டில் வந்தவர் பேருக்கு நேரேதான் கோடு போடுவார்கள். கோடு இல்லாவிட்டால் ஆள் எங்கே என்று தேடுவார்கள். அதே முறைதான் இதுவும். ஹோம் அசிஸ்டென்டில் 'ஹெல்பர்' என்ற பகுதியில் ஒரு சிறு விசையை உருவாக்கி, அதற்கு "இன்று வந்தார்" என்று பெயர் வையுங்கள். பிறகு மூன்று கட்டளைகள் எழுதுங்கள்.

ஒன்று: காலை 5 மணிக்குப் பிறகு, "இன்று வந்தார்" விசை அணைந்திருக்கும் நிலையில், சமையலறைக் கதவு திறந்தால், விசையைப் போட்டு, மகளின் கைத்தொலைபேசிக்கு "கதவு திறந்தது" என்று செய்தி அனுப்ப வேண்டும்.

இரண்டு: காலை 8.30 ஆகியும் விசை விழவில்லை என்றால், வீட்டுக்குள் மணி அடிக்க வேண்டும். அம்மா தூங்கிப் போயிருந்தால் எழுந்து கட்டிலருகே உள்ள பொத்தானை அழுத்துவார். அழுத்தினால் விசை விழும்; "அம்மா பொத்தானை அழுத்தினார்" என்ற செய்தி போகும்.

மூன்று: நள்ளிரவு 12 மணிக்கு விசையை அணைத்து, மறுநாள் ஏட்டைத் தொடங்க வேண்டும்.

காலைச் செய்தி வந்தால் மகள் நிம்மதியாக இருக்கலாம். 8.45 வரை வராவிட்டால் உடனே அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டை அழைக்க வேண்டும். மின்சாரம் போனாலும், அட்டை கெட்டாலும், கதவுக் கருவியின் பேட்டரி தீர்ந்தாலும், விளைவு ஒன்றே: அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அதனால் யாருக்கும் நட்டமில்லை.

மகளின் கைத்தொலைபேசியில் இதற்கான செயலியை, அவர் விடுமுறையில் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே நிறுவி இணைத்துவிடுங்கள். வெளியே செய்தி அனுப்ப மட்டும் இணையம் தேவை. விளக்கும் மணியும் அது இல்லாமலே வேலை செய்யும். வெளியூரிலிருந்து கணினியையே இயக்க வேண்டுமானால், விவரம் தெரிந்தவரைக் கொண்டு பாதுகாப்பான வழியில் செய்யுங்கள். வைஃபை பெட்டியில் வாசலைத் திறந்துவிடச் சொல்லும் குறுக்கு வழிகளை நம்பாதீர்கள். அம்மா உறவினர் வீட்டுக்குப் போகும் நாளில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனால் வீண் பதற்றம் இராது.

மலைக்கே உரிய தொல்லைகள்

கேமரன் மலை நீரைத் தேக்க ரிங்லெட்டில் 1960-களில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டினார்கள். அந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆயினும் மழைக் காற்றில் ஒரு மரம் கம்பியின் மேல் சாய்ந்தால் நம் வீட்டு விளக்கு அணைந்துவிடுகிறது. கணினிக்கும் வைஃபை பெட்டிக்கும் சேர்த்து யூபிஎஸ் எனப்படும் சிறு மின்சேமிப்புப் பெட்டி ஒன்று இருந்தால் குறுகிய தடங்கலைக் கடந்துவிடலாம். அடிக்கடி திடீரென மின்சாரம் போனால் அட்டையின் ஆயுள் குறையும். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: நான்காம் வகைப் பலகையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் திரும்பி இணையம் திரும்பாவிட்டால் கிராணிக்குச் சரியான மணி தெரியாது. அன்றைக்கு அவர் எழுதும் நேரத்தை நம்ப வேண்டாம்.

தகரம் வானொலி அலையைத் தடுக்கும். பலகைச் சுவர் அவ்வளவாகத் தடுக்காது. சமையலறை தகர அடைப்பாக இருந்தால், வழியில் ஜிக்பீ பிளக் ஒன்றை மாட்டுங்கள். அது செய்தியை வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்கும். வைஃபை பெட்டியும் ஜிக்பீயும் ஒரே அலைவரிசைப் பகுதியில் பேசுவதால் இரண்டையும் ஒட்டி வைக்கலாகாது. பனிமூட்டத்தின் ஈரம் பலகைக்குப் பகை. ஜன்னலோரத்திலும் அடுப்படியிலும் வைக்காமல், காய்ந்த அலமாரியில் காற்றோட்டத்தோடு வையுங்கள்.

கருவிகளில் உள்ள வட்டப் பேட்டரி சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. திருகாணி போட்டு மூடும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். தீர்ந்த பேட்டரியை மேசை மேல் போட்டு வைக்காதீர்கள்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவருக்குள் உள்ள கம்பியை உரிமம் பெற்ற வயர்மேன் மட்டுமே தொட வேண்டும். நான் மேலே கூறிய அனைத்தும் செருகுபவை, ஒட்டுபவை. சுவரில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. குளியலறைச் சுடுநீர்க் கருவி, மின்அடுப்பு, துணி தேய்க்கும் பெட்டி ஆகியவற்றைத் தொலைவிலிருந்து இயக்கும் பிளக்கில் மாட்டாதீர்கள். ஆள் இல்லாத வீட்டில் தேய்ப்புப் பெட்டி சூடேறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிளக்கில் எழுதியுள்ள ஆம்பியர் எண்ணையும் சிரிம் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

செருகுவதும் ஒட்டுவதுமாக இருக்கட்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்து வீடு நம் பெயரில் இல்லை. வேலை முடிந்து வீட்டை ஒப்படைக்கும் நாளில், ஒரு சிறு பெட்டிக்குள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் போக வேண்டும்.

அதே வேளையில், வீட்டில் மின்கம்பி உரிந்து தொங்கினால், சுவிட்சைத் தொட்டால் அதிர்ந்தால், அதைச் சமாளிக்க உணர்கருவி வாங்காதீர்கள். தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய் நீரும் மின்சாரமும் கொடுத்து, கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் கூறுகிறது. ஆபீசில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் செய்ய வேண்டியதை நம் பிள்ளைகளின் சம்பளத்தில் நாம் செய்துகொள்ள வேண்டியதில்லை.

யாருடைய சம்மதம்?

கடைசியாகச் சொல்வது முதலாவதாகச் செய்ய வேண்டியது. கருவியை வாங்குமுன் அம்மாவிடம் கேளுங்கள். என்ன எழுதப்படும், யார் பார்ப்பார்கள், எப்படி நிறுத்துவது என்ற மூன்றையும் சொல்லுங்கள். கதவு திறந்ததை மட்டும் அறிந்தால் போதும் என்று அவர் சொன்னால், அதோடு நின்றுவிடுங்கள். படுக்கையறையில் எதையும் ஒட்டாதீர்கள். கட்டிலருகே பொத்தான் ஒன்று போதும். சுவரில் உள்ள பழைய சுவிட்ச் எப்போதும்போல் வேலை செய்ய வேண்டும். கைத்தொலைபேசியைத் தேடினால்தான் விளக்கு எரியும் என்றால், அந்த வீட்டில் அம்மா விருந்தாளியாகிவிடுகிறார்.

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: "இதன் மின்சாரத்தை நிறுத்தலாம். நிறுத்தினால் தம்பிக்குச் சொல்லுங்கள்." தம்பி ஊரில் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது என்பதையும் எழுதுங்கள். அமைத்தவருக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடு, அவர் பேருந்து ஏறிய மறுநாளே அனாதையாகிவிடும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளை யாராவது இருந்தால், கூட உட்காரவைத்துக் கட்டளைகளை எழுதச் சொல்லுங்கள். இந்தப் பலகை பிள்ளைகளுக்காகவே பிறந்தது என்று முன்னமே சொன்னேன் அல்லவா?

மணி அடிக்கும்போது ஓடி வரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். இன்று அந்த வீட்டில் வங்காளதேசத்துத் தொழிலாளியோ நேப்பாளியோ இருக்கலாம். மொழி தெரியாவிட்டாலும் மணியோசை தெரியும். "இந்தச் சத்தம் விடாமல் கேட்டால் தயவுசெய்து வந்து பாருங்கள்" என்று நேரில் சொல்லி வையுங்கள். அவர் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு மருத்துவக் கருவி அல்ல. மயக்கம், நெஞ்சுவலி, விழுந்து அடிபட்ட நிலை என்றால் 999-ஐ அழைப்பதே முதல் வேலை.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். காலையில் "கதவு திறந்தது" என்ற செய்தி வந்ததும், "சரி, அம்மா இருக்கிறார்" என்று கைத்தொலைபேசியைப் பையில் போட்டுவிடாதீர்கள். அம்மா எழுந்தார் என்பதைத்தான் கிராணி சொல்வார். எப்படி இருக்கிறார் என்பதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். முன்பு ஞாயிறுதோறும் அழைத்தவர், கருவி வந்த பிறகு மாதம் ஒரு முறை அழைத்தால், அம்மாவுக்கு வீட்டில் விளக்கு கூடியது, குரல் குறைந்தது என்றாகும்.

வரும் பள்ளி விடுமுறையில் ஒரு விளக்கோடு தொடங்குங்கள். நடைபாதை விளக்கு ஒரு மாதம் தவறாமல் எரிந்தால் கதவுக்குப் போகலாம். அவசரம் வேண்டாம். அமைத்துப் பார்த்தவர்கள், எங்கே தடைப்பட்டது என்று எழுதுங்கள். பலருக்கும் பயன்படும் ஐயங்களுக்கு இப்பகுதியில் விளக்கம் தருகிறேன்.